ரெண்டு தடவை பார்க்கிறவள்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் 'ரெண்டுதடவை'. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. கதவைப் பூட்டினால் ஒன்றுக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாள். குழாயை மூடிவிட்டுப் பத்தடி போனவள் திரும்பி வந்து இன்னொரு தரம் திருகுவாள். வணக்கம் சொன்னால்கூட, காதில் விழுந்ததோ இல்லையோ என்று மறுபடியும் ஒரு வணக்கம் வைப்பாள். நாலாவது மாடியில் இருந்த தியேட்டர் நர்சுகள் இதையெல்லாம் நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். ஆனால் கத்தியும் கத்திரிக்கோலும் அவள் கையால் கட்டி வந்தால்தான் அவர்களுக்கே நிம்மதி.

அவள் வேலை பார்த்தது அடித்தளத்தில், கிருமி நீக்கும் அறையில். ஆபரேஷனுக்குப் பயன்பட்ட கருவிகள் ரத்தக்கறையோடு அங்கே வந்து சேரும். கழுவித் துடைத்து, எண்ணித் தட்டில் அடுக்கி, பச்சைத் துணியில் இரட்டையாகச் சுற்றி, மேலே ஒரு டேப் ஒட்டி, ஆள் உயர இரும்பு மிஷினுக்குள் வைத்து ஆவியில் வேகவைப்பார்கள். விஷயமே அந்த டேப்பில்தான் இருக்கிறது. ஒட்டும்போது அதன் சாய்ந்த கோடுகள் வெளிறிய மஞ்சளாக இருக்கும். ஆவி பட்டால் கறுத்துவிடும். கறுத்தால் வெந்த பொட்டலம், வெளுத்தால் வேகாத பொட்டலம். தூக்கக் கலக்கத்தில் இருப்பவர்கூடத் தப்பு செய்ய முடியாத ஏற்பாடு. அப்படித்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பயம் அவளோடு கூடப் பிறந்தது. நாய்க்குப் பயம், இடிக்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், டெலிபோன் மணிக்குப் பயம். கல்யாணமான புதிதில், ரொட்டிக் கடை வேன் ஓட்டும் அவள் வீட்டுக்காரர் அரைமணி தாமதமாக வந்தால் வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்தே காலைத் தேய்த்துவிடுவாள். "உன்னைக் கட்டிக்கிட்டதுல ஒரு லாபம். எனக்கும் சேர்த்து நீயே பயந்துடற" என்பார் அவர். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தவளை அப்போதிருந்த தலைமை நர்ஸ் அடித்தளத்துக்கு மாற்றியதும் இந்தக் குணத்துக்காகத்தான். கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கு இவ்வளவு பயப்படுகிற ஆளை விடக்கூடாது என்று அந்த அம்மா சொன்னாராம். உலகத்தில் பயந்தாங்கொள்ளித்தனத்துக்குப் பதவி உயர்வு கிடைத்தது அந்த ஒரு தடவையாகத்தான் இருக்கும்.

கடவுளிடமும் முதலில் பயம்தான். பிரியம் பிறகு வந்தது, மெதுவாக, வேலையோடு வேலையாக. மிஷின் ஓடும் நேரத்தில் அதன் முன்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டு பேசுவாள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி ஆரம்பிப்பாள்: "நான்தான் வந்திருக்கேன், ஆண்டவனே." பிறகு மகளின் பரீட்சை, வீட்டுக்காரரின் முதுகுவலி, மேலே படுத்திருக்கும் முகம் தெரியாத நோயாளிகள் எல்லோரும் வரிசையாக வருவார்கள். பதில் ஒருநாளும் வந்ததில்லை. அவளும் எதிர்பார்த்ததில்லை. வந்திருந்தால் அதற்கும் பயந்திருப்பாள்.

ஆனால் ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் அவள் அங்கே வாய் திறந்ததில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம். மிஷின் பாதி ஓடும்போது மின்சாரம் போய்விட்டு வந்தது. அழுத்தம் காட்டும் முள் சரிந்து மறுபடி ஏறியது. அப்படி ஆனால் எல்லாவற்றையும் வெளியே எடுத்து முதலிலிருந்து வேகவைக்க வேண்டும்; அதுதான் சட்டம். மேலேயிருந்து போனில் தலைமை நர்ஸ் கத்திக்கொண்டிருந்தார். டாக்டர் கை கழுவி, எதையும் தொடாமல் கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறார், என்ன புடுங்கிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டார். டேப் கறுத்துத்தான் இருந்தது. கறுக்கக் கொஞ்ச நேரம் போதும், வேக முழு நேரம் வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், அந்தக் குரலுக்குப் பயந்து, இரண்டு பொட்டலங்களை மேலே அனுப்பிவிட்டாள்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த நோயாளிகள் என்ன ஆனார்கள் என்று அவளும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே.

அதற்கப்புறம் பதினொரு மாதம் மிஷின் முன்னால் வாயைக் கட்டிப்போட்ட மாதிரி நின்றாள். எந்த முகத்தோடு பேசுவது? பிறகு ஒருநாள், துணி மடித்துக்கொண்டிருந்த களைப்பில், அவளை அறியாமலே "நான்தான் வந்திருக்கேன்" என்று வாய் முணுமுணுத்தது. துணியை முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். மறுநாளிலிருந்து பேச்சு பழையபடி நடந்தது, அந்த ஒரு விஷயத்தைத் தவிர. அவருக்குத் தெரியாதா என்ன, நான் வேறு சொல்ல வேண்டுமா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒரே வீட்டில் இருவர் ஓர் அறையை மட்டும் திறக்காமல் குடித்தனம் நடத்துவது போல நடந்தது அது. எல்லாவற்றையும் ரெண்டு தடவை பார்க்கும் பழக்கமும் அப்போது வந்ததுதான். ஊர் அதைப் பொறுப்பு என்றது. அவளும் ஆண்டவனும் மட்டும் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள்.

இந்தக் கதை நடந்த அன்று காலையில் நல்ல குளிர். குளிரில் டேப் ஒட்டாது, ஓரம் பிரிந்து நிற்கும். அதனால் டேப் சுருளை, மிஷினுக்கு ஆவி கொண்டுவரும் குழாயின் மேல் சற்று நேரம் வைத்துச் சூடாக்கிக்கொள்வாள். அவளே கண்டுபிடித்த வழி, அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்தக் குழாயின் வால்வில் ஓர் ஒழுகல் இருந்தது. மூன்று தடவை புகார் எழுதிப் போட்டும் யாரும் வரவில்லை. அதைச் சுற்றிக் கட்டியிருந்த துணி முந்தின நாள் அவிழ்ந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை.

வேலைக்கு வரும்போது மேல்மாடிகளுக்குப் போகும் படிக்கட்டின் அடியில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். கையில் பிளாஸ்டிக் பை. உள்ளே ஒரு ஜோடி பெண் செருப்பு.

"அம்மா, ஆபரேஷன் பண்றது மேலதானே? என் வீட்டம்மாவுக்கு வயித்துல கட்டி. செருப்பைக் கழட்டிக் குடுத்துட்டு உள்ள போயிட்டா" என்றார்.

"மேலதான். பயப்படாதீங்க" என்றாள், ஏதோ தான் பயப்படாதவள் மாதிரி.

ஒன்பதரை மணிக்கு முதல் ஈடு வெந்து இறங்கி வலது பக்க வண்டியில் ஆறிக்கொண்டிருந்தது. இடது பக்க வண்டியில், சூடாக்கிய டேப் ஒட்டிய புதுப் பொட்டலங்கள் உள்ளே போகக் காத்திருந்தன. மேலே ஆபரேஷனுக்குப் போயிருக்கிற அந்தப் பெண்ணுக்காக அவள் வண்டியின் பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். பிடித்தது இடது வண்டியை. அந்த நேரம் பார்த்துத்தான் போன் அலற வேண்டுமா? தூக்கிவாரிப் போட்டது.

"வயிறு செட் ஒண்ணு உடனே அனுப்புங்க" என்றது போன்.

கை பக்கத்தில் இருந்த பொட்டலத்தை எடுத்தது. டேப்பைப் பார்த்தாள். கறுப்பு. வழக்கப்படி இன்னொரு தடவை பார்த்தாள். அப்போதும் கறுப்புதான். ஆள் ஏற முடியாத, சாமான் மட்டும் போகிற குட்டி லிஃப்டில் வைத்துப் பொத்தானை அமுக்கினாள். பொட்டலம் நாற்பத்தேழு என்று பதிவேட்டில் எழுதவும் எழுதினாள்.

கால்மணி நேரம் போயிருக்கும். கூட வேலை செய்யும் பெண், 'வானொலி' என்று பெயர் எடுத்தவள், வாய் ஓயாமல் பேசிக்கொண்டே டேப் சுருளைக் கையில் எடுத்தாள். பேச்சு பாதியில் நின்றது. அந்த அறையில் அது அபூர்வம்.

"அக்கா, இந்த டேப் ஏன் இப்பவே கறுத்திருக்கு?"

அவள் திரும்பிப் பார்த்தாள். சுருளின் மேல்சுற்றுகள் முழுக்கக் கோடுகள் கறுத்திருந்தன. ஒட்டும்போது யாரும் கோட்டைப் பார்ப்பதில்லை; வெந்து இறங்கிய பிறகுதான் பார்ப்பார்கள். குழாயில் அவிழ்ந்த துணிக்குப் பக்கத்திலிருந்து மெல்லிசாக ஆவி சீறிக்கொண்டிருந்தது. இடது வண்டியைப் பார்த்தாள். எட்டுப் பொட்டலம் இருக்க வேண்டும். ஏழு இருந்தது. மறுபடி எண்ணினாள். ஏழுதான்.

மிஷினுக்குள் போகாத கத்தி ஒரு பெண்ணின் வயிற்றைத் திறக்கப் போயிருக்கிறது, தன் கையால், தான் அவளுக்காகக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோதே.

"உள்ள பேப்பர் இருக்கே அக்கா. அது வெள்ளையா இருந்தா அவங்களே கண்டுபிடிச்சுடுவாங்க. நீ எதுக்கு வாயைக் குடுத்து மாட்டிக்கிற?" என்றாள் வானொலி. நல்ல மனசோடுதான் சொன்னாள்.

ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் நிறம் மாறுகிற ஒரு துண்டுப் பேப்பர் இருக்கும் என்பது உண்மை. பிரிக்கிற நர்ஸ் அதைப் பார்க்க வேண்டும் என்பதும் சட்டம். ஆனால் கழுவ வரும் தட்டுகளில் அந்தப் பேப்பர் எத்தனை நாள் மடித்தது மடித்தபடியே திரும்பி வந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். 'ரெண்டுதடவை' அனுப்பினால் பார்க்கவே வேண்டாம் என்று அவர்கள் விட்டிருப்பார்கள். அவளுடைய நல்ல பெயரே இப்போது அந்தப் பெண்ணுக்கு எமனாக நின்றது.

போனை எடுத்தாள். தியேட்டர் லைன் பேசிக்கொண்டே இருந்தது. மறுபடி சுழற்றினாள். அதே சத்தம். இங்கேதான் அவளுக்குள் ஒரு குரல் நைசாகப் பேச ஆரம்பித்தது. போன் கிடைக்கவில்லை, நீ என்ன செய்வாய்? பார்த்திருப்பார்கள். போன தடவையும் ஒன்றும் ஆகவில்லையே. 'போன தடவை' என்ற சொல் வந்ததும் போனைக் காதிலிருந்து எடுத்தாள். போன தடவை ஒன்றும் ஆகவில்லை என்று யார் சொன்னது?

போனைத் தொங்கவிட்டுவிட்டு ஓடினாள். லிஃப்டுக்குப் பயம் என்பதால் படிக்கட்டில் ஓடினாள். அன்றைக்கு அந்தப் பயத்தை மன்னித்துவிடலாம், லிஃப்ட் எப்படியும் மேலே எங்கோ நின்றுகொண்டிருந்தது. ஐம்பத்துமூன்று வயதில் அவ்வளவு படி ஏறுவது விளையாட்டில்லை. இரண்டாவது மாடியில் மூட்டு கெஞ்சியது. மூன்றாவதில் மூச்சு நின்று வந்தது. ஆண்டவனைக் கூப்பிட வாய் வரவில்லை. கூப்பிட்டால் முதல் கேள்வியே அந்தப் பழைய இரண்டு பொட்டலமாக இருக்கும் என்று பயந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

தியேட்டர் வாசலில் தரையில் ஒரு சிவப்புக் கோடு. அடித்தளத்து உடுப்போடு அதைத் தாண்டக் கூடாது. இருபத்திரண்டு வருஷத்தில் தாண்டியதில்லை, இப்போதும் தாண்டவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கையை எட்டி மணியை அடித்தாள், விடாமல்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து எரிச்சலோடு ஒரு குரல்.

"நான்தான்."

"நான்தான்னா யாரு?"

"கீழ்ரூம்ல இருந்து. ரெண்டுதடவை." அந்தப் பெயரை அவள் தன் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. சிரிப்பு வர வேண்டிய இடம். யாருக்கும் வரவில்லை.

கதவு கொஞ்சம் திறந்தது. முகமூடிக்கு மேலே இரண்டு கண்கள்.

"நாப்பத்தேழாம் பொட்டலம். அது வேகல. தொட வேணாம்னு சொல்லுங்க."

"டேப் கறுப்பாத்தானே இருந்துச்சு."

"டேப் பொய் சொல்லுது சிஸ்டர். உள்ள பேப்பரைப் பாருங்க. என்னை அப்புறமா திட்டுங்க."

கதவு மூடிக்கொண்டது. அவள் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கத்தி ஏற்கெனவே உள்ளே இறங்கியிருந்தால்? அந்தப் பெண்ணின் முகம் தெரியாது. செருப்பு மட்டும் தெரியும். இடது செருப்பில் வார் அறுந்து வேறு நிற நூலில் தைத்திருந்தது. இத்தனை வருஷமாக நோயாளிகளுக்காக வேண்டிக்கொண்டவளுக்கு, அப்போதுதான் ஒரு நோயாளி கால், கை, வயிறோடு ஒரு மனுஷியாகக் கண்முன் வந்தாள்.

கதவு மறுபடி திறந்தபோது நர்சின் கண்களிலும் பயம் இருந்தது. "பேப்பர் வெள்ளையாத்தான் இருக்கு. மேசையில பரப்பியிருந்தோம். டாக்டர் கையில எடுக்கப் போனார். எல்லாத்தையும் தள்ளிட்டு வேற செட் பிரிக்கிறோம். நீங்க போங்க."

அவள் அங்கேயே, சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம், தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் அவளுக்கு நன்றாகத்தான் இருந்திருக்கும். பதினொன்றரைக்குத் தலைமை நர்ஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். பழையவர் ஓய்வுபெற்றுப் போய் இவர் வந்து நாலு வருஷம் ஆகிறது. அவளைவிட இளையவர். சத்தம் போடாதவர்.

"உக்காருங்க அக்கா. தண்ணி குடிங்க. தப்பு நடந்துச்சு, ஆனா நீங்களே ஓடிவந்து சொல்லியிருக்கீங்க. எத்தனை பேர் சொல்லுவாங்க? டாக்டரே பாராட்டினார்" என்றார். அவர் முன்னால் ஒரு படிவம் இருந்தது. ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். "இதற்கு முன் இதுபோல் நடந்ததுண்டா?" என்று வாசித்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் 'இல்லை' என்று எழுதப் பேனாவைக் கொண்டுபோனார்.

அந்தப் பேனா முனையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்த பயத்தைப் போல அவளுக்கு வாழ்க்கையில் வேறு பயம் வந்ததில்லை. காலையில் வந்தது இன்னொருத்தியின் உயிருக்காக. அதில் ஓட முடிந்தது. இது தனக்காக. சும்மா இருந்தால் போதும். பாராட்டோடு வெளியே போகலாம். பொய்கூடச் சொல்ல வேண்டாம், அந்த அம்மாவே எழுதிக்கொள்வார்.

"உண்டு சிஸ்டர்" என்றாள்.

பேனா நின்றது.

ஒன்பது வருஷத்துக் கதையை அவள் ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடித்தாள். தேதி சொன்னாள். இரண்டு பொட்டலங்களின் எண்ணையும் சொன்னாள். அவை அவளுக்குத் தன் மகள் பிறந்த தேதியைவிட நன்றாக ஞாபகம் இருந்தன.

தலைமை நர்ஸ் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். "அக்கா, இதை எழுதினா நான் மேலிடத்துக்கு அனுப்பியே ஆகணும். இன்னிக்கு நடந்தது வேற. அது வேற. இன்னிக்கு நடந்ததை மட்டும் எழுதிக்கட்டுமா?"

"வேணாம் சிஸ்டர். ரெண்டையும் எழுதுங்க." இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். "அந்த ரெண்டு பேரும் என்ன ஆனாங்கன்னு பாக்க முடியுமா? நான் இதுவரைக்கும் கேக்கல."

பழைய பதிவேடுகள் இருக்கிற அறை அதே மாடியில் கடைசியில் இருந்தது. வெளியே பெஞ்சில் அவளை உட்கார வைத்துவிட்டு அவர் உள்ளே போனார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. உள்ளே ஒவ்வொரு அலமாரி திறக்கும்போதும் அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனையோ தடவை, ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று வாய்விடாமல் வேண்டியிருக்கிறாள். இப்போது அதை வேண்டிப் பிரயோஜனமில்லை. ஆனது ஒன்பது வருஷத்துக்கு முன்பே ஆகிவிட்டது. எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

தலைமை நர்ஸ் தூசி படிந்த கையோடு வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒருத்தர் நாலாம் நாள் வீட்டுக்குப் போயிட்டார். இன்னொருத்தருக்குக் காய்ச்சல். புண்ணு சீழ் பிடிச்சிருக்கு. இருபத்திரெண்டு நாள் படுத்திருக்கார். அப்புறம் நடந்தேதான் போயிருக்கார்."

"என்னாலயா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இனிமே அதை யாராலயும் சொல்ல முடியாது அக்கா."

இருபத்திரண்டு நாள் என்று மட்டும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று தலைமை நர்ஸ் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, சரி என்று தலையாட்டிவிட்டு, காதில் விழுந்ததோ என்னவோ என்று இன்னொரு தடவையும் "சரி" என்றாள்.

பையை எடுத்துக்கொண்டு கீழே வரும்போது படிக்கட்டில் அந்த ஆள் உட்கார்ந்திருந்தார். மடியில் செருப்புப் பை. அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நல்லபடியா முடிஞ்சுதாம்மா. நடுவுல அரைமணி லேட் பண்ணிட்டாங்க. ஏன்னு யாரும் சொல்லல. செத்துப் பொழைச்சேன்."

தலையசைத்துவிட்டுப் போயிருக்கலாம். இரண்டு படி இறங்கியும் விட்டாள். பிறகு திரும்பி ஏறி வந்தாள்.

"அந்த லேட் என்னாலதாங்க. சுத்தம் பண்ணாத சாமானை அனுப்பிட்டேன். கடைசி நிமிஷத்துல நிறுத்தினாங்க."

அவர் வெகுநேரம் அவளையே பார்த்தார். அடிப்பாரோ என்றுகூட நினைத்தாள். அவர் செருப்புப் பையை மடியிலிருந்து எடுத்து, அவளுக்கு எட்டாத பக்கமாகத் தள்ளி வைத்துக்கொண்டார். அவள் அந்த விலக்கலையும் ஏற்றுக்கொண்டு இறங்கினாள்.

பஸ் நிறுத்தத்தில் மத்தியான வெயில். வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது, வேலை போனால் என்ன ஆவது, போலீஸ் வருமா, அந்த இருபத்திரண்டு நாள் மனிதர் இப்போது எங்கே இருக்கிறார் என்று பயங்கள் வரிசையில் நின்றன. ஒன்றுகூடக் குறையவில்லை. பயம் தீர்ந்த பிறகு வருகிறேன் என்று அவள் ஆண்டவனிடம் எந்தக் காலத்தில் சொல்லியிருக்கிறாள்? முன்னால் மிஷின் இல்லை, பிடித்துக்கொள்ள வண்டிப் பிடி இல்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நான்தான் வந்திருக்கேன்" என்றாள். "அன்னிக்கு ரெண்டு பொட்டலம் அனுப்பினேன். வேகலைன்னு தெரிஞ்சே அனுப்பினேன்."

சொல்லிவிட்டு நின்றாள். எப்போதும் போலப் பதில் இல்லை. கண்ணை மட்டும் அவள் மூடவில்லை.